பழைய ஸ்கூபா ரெகுலேட்டரை மீண்டும் மூச்சுக்குத் தகுதியாக்குதல்

சிலிண்டர் காற்றை மூச்சுக்கேற்ற அழுத்தத்துக்கு இறக்கித் தரும் கருவியான ரெகுலேட்டர் ஒன்று, பல ஆண்டுகள் பெட்டியடியில் கிடந்து கைக்கு வந்தால், பெரும்பாலானோர் முதலில் செய்வது அதை ஒரு சிலிண்டரில் மாட்டி, வால்வைத் திறந்து, வாயில் வைத்து இழுத்துப் பார்ப்பதுதான். காற்று தாராளமாக வந்துவிட்டால் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் ஆபத்தானது. கரையில் நின்று இழுக்கும் நான்கு மூச்சுகளுக்கு ஏறக்குறைய எந்த ரெகுலேட்டரும் காற்றைக் கொடுத்துவிடும். உள்ளே காற்றை அடைக்கும் சீட் தேய்ந்திருப்பதும், சிலிண்டருக்கும் வாய்க்கும் நடுவில் நிற்கும் இடைநிலை அழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டிருப்பதும், ரப்பர் சவ்வான டயாஃப்ரத்தில் ஊசிமுனையளவு ஓட்டை இருப்பதும் வாய்க்குத் தெரியாது. அழுத்தமானியின் முள்ளுக்குத் தெரியும். ஆகவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு வேலையையும் செய்துவிட்டு முள்ளைப் பாருங்கள். முள் ஒப்புக்கொள்ளும்வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இது உயிர் காக்கும் கருவி. ரெகுலேட்டரைக் கழற்றிப் பூட்டி முன்பழக்கம் இல்லாதவர், பயன்படுத்தவே போவதில்லை என்று ஒதுக்கிய ஒரு ரெகுலேட்டரை முதலில் இரண்டு மூன்று முறை கழற்றிப் பூட்டிப் பழக வேண்டும். முதல் முறையாகத் தானே பழுதுபார்த்ததை, அனுபவமுள்ள தொழில்நுட்பர் ஒருவரிடம் காட்டிச் சோதித்த பிறகே தண்ணீருக்குக் கொண்டுபோக வேண்டும்.

எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது

கடலடியில் தானாக மூச்சு வழங்கும் கருவியை ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் காஞானும் 1943இல் உருவாக்கினார்கள். அந்த வழியில் வந்த இரட்டைக் குழாய் ரெகுலேட்டர்களில் 1955இல் வந்த மிஸ்ட்ரல், 1958இல் வந்த அக்வா-மாஸ்டர் ஆகியவற்றை இன்றும் தேடிப்பிடித்துப் பயன்படுத்துகிறார்கள். ஒற்றைக் குழாய் வகையை மெல்போர்னில் டெட் எல்ட்ரெட் 1952இல் போர்ப்பஸ் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிறகு வந்த கான்ஷெல்ஃப் வரிசையும் 1970இல் வந்த ஸ்கூபாப்ரோ மார்க் 5உம் எளிய அமைப்புக்காகவும் உறுதியான பித்தளை உடலுக்காகவும் பழுதுபார்ப்பவர்களிடையே பெயர்பெற்றவை. புதிதாகத் தொடங்குபவர் இவ்விரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. பலர் கழற்றிப் பார்த்த வகை என்பதால் வரைபடம், உதிரிப் பாகம், கேட்டால் சொல்லித்தர ஆள் ஆகிய மூன்றும் கிடைக்கும். எவ்வளவு அழகாக இருந்தாலும் சீட்டும் டயாஃப்ரமும் கிடைக்காத ரெகுலேட்டரை அலமாரியில் வைத்துப் பார்க்கலாமே தவிர, அதில் மூச்சுவிட முடியாது. எனவே வாங்குவதற்கு முன்பே உதிரிப் பாகம் கிடைக்குமா என்று விசாரித்துவிடுங்கள்.

வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியவை சில உண்டு. குரோம் பூச்சு மங்கியிருப்பது பெரிய குறையல்ல. ஆனால் பூச்சு உரிந்து, அடியிலுள்ள பித்தளை செப்பு நிறத்தில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்த உலோகத்திலிருந்து துத்தநாகம் கரைந்துபோயிருக்கிறது என்று பொருள், அப்படிப்பட்ட உடலை எடுக்க வேண்டாம். சிலிண்டர் வால்வோடு சேரும் வாயில் நாணயத்தைப் போலத் தெரியும் வெண்கல வடிகட்டியை வெளிச்சத்தில் பாருங்கள். அது பச்சை பூத்திருந்தால் உப்புநீர் உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பாக இருந்தால் எஃகுச் சிலிண்டரின் துரு வந்து அடைத்திருக்கிறது. கறுத்திருந்தால் கம்ப்ரசர் எண்ணெயோ கரித்தூளோ சேர்ந்திருக்கிறது. பச்சை வடிகட்டியைக் கண்டவுடன் ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் உள்ளே வேலை அதிகம் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

சிலிண்டரைக் கவ்வும் யோக்கையும் கவனிக்க வேண்டும். பழைய யோக்குகள் பல அதிகபட்சம் 3000 பி.எஸ்.ஐ., அதாவது ஏறத்தாழ 207 பார் அழுத்தத்துக்கே செய்யப்பட்டவை. அதற்கும் முந்தியவை இன்னும் குறைந்த அழுத்தத்துக்கு உரியவை. இன்றைய 232 பார் சிலிண்டர்களில் அவற்றை மாட்டக் கூடாது. சில பழைய யோக்குகளின் அகலம் இன்றைய வால்வுகளுக்குப் போதாமலும் இருக்கும். அப்போது அடித்தோ நெம்பியோ ஏற்றாமல், அதே உடலுக்குப் பொருந்தும் உறுதியான யோக்கை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஒன்று உண்டு. இன்றைய ரெகுலேட்டர்களில் உயரழுத்தத் துளை 7/16 அங்குலமும் தாழ்வழுத்தத் துளை 3/8 அங்குலமும் இருப்பதால் குழாய்களை மாற்றி மாட்ட வழியில்லை. பழைய முதல் நிலைகள் (சிலிண்டரோடு சேரும் பாகங்கள்) பலவற்றிலோ இரண்டு துளைகளும் ஒரே 3/8 அங்குலத் திருகுடையவை. தாழ்வழுத்தக் குழாயைத் தவறுதலாக உயரழுத்தத் துளையில் மாட்டி வால்வைத் திறந்தால் சிலிண்டரின் முழு அழுத்தமும் அந்தக் குழாய்க்குள் பாய்ந்து அது வெடித்துவிடும். உடலில் பொறித்திருக்கும் எழுத்து தேய்ந்திருந்தால், எந்தத் துளை எந்த அறைக்குப் போகிறது என்பதை உள்ளே பார்த்து உறுதிசெய்து, உயரழுத்தத் துளைக்கு 7/16 அங்குல அடாப்டரைப் பூட்டி, அதை நிரந்தரமாக அங்கேயே விட்டுவிடுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

சிலிண்டரிலிருந்து ஏறத்தாழ 200 பாரில் வரும் காற்றை முதல் நிலை, சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் மட்டுமே அதிகமான இடைநிலை அழுத்தத்துக்கு இறக்குகிறது. இரண்டாம் நிலை அதை நாம் இழுக்கும்போது மட்டும் திறந்து, சுற்றுப்புற அழுத்தத்தில் வாய்க்குக் கொடுக்கிறது. முதல் நிலையின் உயிர் ஓர் எளிய இணையில் இருக்கிறது: வட்டமான கூர்விளிம்பு ஒன்று, அதன் எதிரே மென்மையான பிளாஸ்டிக் சீட் ஒன்று. இரண்டும் தொட்டால் காற்று நிற்கும், விலகினால் பாயும். பிஸ்டன் வகையில் இந்தக் கூர்விளிம்பு பிஸ்டன் தண்டின் நுனியில் இருக்கும். டயாஃப்ரம் வகையில் பெரும்பாலும் உடலிலேயே எரிமலை வாய் போலக் கடையப்பட்டிருக்கும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனின் விளிம்பு பழுதானால் பிஸ்டனை மாற்றலாம், உடலின் விளிம்பு பழுதானால் பெரும்பாலும் உடலையே இழக்க நேரிடும்.

கருவிகளும் மேசையும்

இடைநிலை அழுத்தத்தைக் காட்டும் மானி இல்லாமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம். மிதவைச் சட்டைக்குக் காற்று தரும் குழாயின் முனையில் செருகக்கூடிய, 0 முதல் 20 பார் வரை காட்டும் மானி போதும். அதோடு, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளை எடுக்கப் பித்தளையாலோ பிளாஸ்டிக்காலோ ஆன கொக்கிகள், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ், நல்ல விளக்கு, சரியான அளவு ஸ்பேனர்கள், இரண்டு முள் கொண்ட பின் ஸ்பேனர், அறுகோணச் சாவிகள், முதல் நிலையைப் பிடிக்கத் துளையில் திருகிக்கொள்ளும் கைப்பிடி, கண்களைக் காக்கும் கண்ணாடி ஆகியவை வேண்டும். எஃகு ஊசியால் ஓ-ரிங்கைக் கிளறக் கூடாது என்று பலமுறை சொல்லப்படுவதற்குக் காரணம் உண்டு: ஓ-ரிங் அமரும் பள்ளத்தில் எஃகு ஊசி இழுக்கும் ஒரு கோடு, எத்தனை புது ஓ-ரிங் போட்டாலும் கசிவை நிற்கவிடாது. அமெரிக்கத் தயாரிப்புகளில் அங்குல அளவும் பிரெஞ்சு முதலான ஐரோப்பியத் தயாரிப்புகளில் மில்லிமீட்டர் அளவும் வரும். ஏறத்தாழப் பொருந்துகிறது என்று மாற்றுச் ஸ்பேனரைப் போட்டால் முதல் திருகலிலேயே மூலைகள் மழுங்கிவிடும்.

மேசைமேல் வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்குங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள். ஒரு தட்டை வளையம் எந்தப் பக்கம் மேல்நோக்கி இருந்தது என்ற கேள்வி இரண்டு வாரம் கழித்து உதிரிப் பாகம் வந்து சேரும்போதுதான் எழும்.

கழற்றுதல்

கழற்றுவதற்கு முன்பே ஒருமுறை அளந்து பார்ப்பது பயனுள்ளது. ரப்பர் பாகங்கள் உடையும் நிலையில் இல்லாவிட்டால், தாழ்வழுத்தத் துளையில் மானியை மாட்டி, கண்ணாடி அணிந்து, சிலிண்டர் வால்வை மிக மெதுவாகத் திறந்து முள் எங்கே நிற்கிறது, நிற்கிறதா நகர்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். முள் 12 பாரைத் தாண்டி ஏறினால் உடனே மூடிவிடுங்கள். பிறகு வால்வை மூடி, காற்றை முழுவதும் வெளியேற்றி, முள் பூச்சியத்தில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.

டயாஃப்ரம் வகையில் முதலில் சரிசெய்யும் திருகைத் தளர்த்திப் பெரிய ஸ்பிரிங்கின் இறுக்கத்தை நீக்க வேண்டும். அதன்பின் ஸ்பிரிங், அதன் தட்டு, டயாஃப்ரத்தைப் பிடித்திருக்கும் வளையம், டயாஃப்ரம், சீட்டைத் தள்ளும் சிறு தண்டு, சீட், சிறிய ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாக வரும். பிஸ்டன் வகையில் மூடியைத் திருகி எடுத்தால் பிஸ்டனும் பெரிய ஸ்பிரிங்கும் சேர்ந்து வரும். பிஸ்டன் தண்டு உயரழுத்த ஓ-ரிங்கின் வழியே போவதால் அதைச் சாய்க்காமல் நேராக இழுங்கள். எடுத்தவுடன் கூர்விளிம்பு எதிலும் படாதபடி ஒரு மென்மையான துணியில் சுற்றி வையுங்கள்.

பல ஆண்டு உப்பு ஏறி இறுகிய திருகு அசையாவிட்டால் ஸ்பேனரின் கைப்பிடியை நீளமாக்கி முரட்டுத்தனமாகத் திருப்ப வேண்டாம். அந்த இணைப்பை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வினிகர் கலந்த நீரில் சிறிது நேரம் வைத்து, ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் லேசாகத் தட்டினால் பெரும்பாலும் இளகிவிடும். இளகாவிட்டால் மறுநாளும் அதையே செய்யுங்கள். குழாய்க்காரர்கள் பயன்படுத்தும் பற்கள் கொண்ட ரெஞ்சு இந்த மேசைக்கு வரவே கூடாது.

கழுவுதல்

பித்தளைப் பாகங்களை முதலில் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்புக் கலந்த வெந்நீரில் மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பழைய கிரீஸை முழுமையாக நீக்க வேண்டும். கிரீஸ் படிந்த இடத்தில் வினிகர் வேலை செய்யாது. பிறகு வெள்ளை வினிகரும் வெதுவெதுப்பான நீரும் சம அளவு கலந்து, அதில் பாகங்களை ஐந்து நிமிடம் வைத்து, எடுத்துப் பார்த்து, தேவையானால் மீண்டும் ஐந்து நிமிடம் வையுங்கள். அல்ட்ராசோனிக் தொட்டி இருந்தால் வேலை விரைவாக முடியும், ஆனால் அதிலும் ஒரே மூச்சில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இரவு முழுவதும் ஊறட்டும் என்று விட்டால், உப்போடு சேர்த்து உலோகத்தையும் அமிலம் தின்னும். உரிந்த குரோமின் ஓரங்களில் புகுந்து பூச்சை மேலும் தூக்கிவிடும். கழிவறை கழுவும் கடுமையான அமிலத்தை ஒருபோதும் தொடாதீர்கள். அலுமினியப் பாகங்களை வினிகரில் போடாமல் சோப்பு நீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரப்பர், சிலிக்கான், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் அதுவே போதும்.

வினிகரிலிருந்து எடுத்தவற்றைச் சமையல் சோடா கரைத்த நீரில் ஒருமுறை அலசி, பிறகு காய்ச்சி வடித்த நீரில் அலசி, சிலிண்டர் காற்றால் துளைகளை எல்லாம் ஊதி உலர்த்துங்கள். பட்டறைக் கம்ப்ரசரின் காற்றில் எண்ணெய் கலந்திருக்கும் என்பதால் அது உதவாது. வெண்கல வடிகட்டியைக் கழுவிப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அது விலை குறைந்த பாகம், புதிதையே போடுங்கள்.

கூர்விளிம்பைப் படித்தல்

இந்த வேலை முழுவதிலும் அதிக நேரம் செலவிடத் தகுந்தது இங்கேதான். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, லென்ஸைக் கண்ணோடு சேர்த்து, விளிம்பைச் சிறிது சிறிதாகச் சுழற்றிப் பாருங்கள். நல்ல விளிம்பு ஒரே சீரான மெல்லிய ஒளிவட்டமாகத் தெரியும். ஓரிடத்தில் அந்த ஒளி உடைந்தாலோ, திடீரெனத் தடித்தாலோ, சிறு கரும்புள்ளி தெரிந்தாலோ அங்கே பழுது இருக்கிறது. பஞ்சு சுற்றிய குச்சியை விளிம்பின்மேல் ஓட்டினால், கண்ணுக்குத் தப்பிய சொட்டையில் ஒரு நார் சிக்கும்.

கழற்றிய பழைய சீட்டை எறிந்துவிடாதீர்கள், அது விளிம்பின் கண்ணாடி. ஒருமுறை நான் சீரமைத்த பிஸ்டன் வகை ரெகுலேட்டர் ஒன்றில் எல்லாப் பாகங்களையும் மாற்றிய பிறகும் முள் 9.3 பாரில் தொடங்கி ஐந்து நிமிடத்தில் 10 பாருக்கு மெல்ல நகர்ந்தது. புதுச் சீட்டில்தான் குறை என்று எண்ணி இன்னொன்றை மாற்றினேன். முள் அதே போலவே நகர்ந்தது. பிறகு எடுத்த இரண்டு சீட்டுகளையும் அருகருகே வைத்து லென்ஸில் பார்த்தபோது, விளிம்பு பதிந்த வட்டத்தில் இரண்டிலும் ஒரே மாதிரி, தலைமுடி அகலத்துக்கு ஒரு மேடு தெரிந்தது. அதாவது விளிம்பில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. இதற்கு முன் யாரோ அதை இரும்புக் கருவியால் தொட்டிருக்கிறார்கள். பிஸ்டனை மாற்றியதும் முள் அசையாமல் நின்றது. முதலில் கழற்றிய சீட்டையே பார்த்திருந்தால் இரண்டு சீட்டுகள் வீணாகியிருக்காது.

மிக லேசான கறையையும் மங்கலையும் மிக நுண்ணிய மெருகேற்றும் தாளைத் தட்டையான கண்ணாடிமேல் வைத்து, பிஸ்டனை அதன்மேல் செங்குத்தாக நிறுத்தி, அழுத்தமே கொடுக்காமல் சில முறை சுழற்றி நீக்க முடியும். ஆனால் பிஸ்டன் சிறிது சாய்ந்தாலும் விளிம்பு ஒருபக்கமாகத் தேயும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் இதைச் செய்யாமல் பாகத்தை மாற்றுவதே சரி. சொட்டை விழுந்த விளிம்பை மெருகேற்றிக் காப்பாற்ற முயல வேண்டாம்.

மீண்டும் பூட்டுதல்

எந்தப் பழைய ஓ-ரிங்கும் திரும்பப் போகக் கூடாது. சீட்டுகள், ஓ-ரிங்குகள், வெளிமூச்சு வால்வு, வடிகட்டி, டயாஃப்ரங்கள் ஆகியவை புதிதாகவே இருக்கட்டும். இயற்கை ரப்பரில் செய்த பழைய டயாஃப்ரம் கையில் மென்மையாகத் தெரிந்தாலும், விளக்கின் எதிரே இழுத்துப் பிடித்தால் வான்மீன்கள் போலப் புள்ளிபுள்ளியாக ஒளி தெரியும். ஓ-ரிங்குகளில் அளவு மட்டுமின்றிக் கடினத்தன்மையும் முக்கியம்: பெரும்பாலான இடங்களுக்கு 70 டியூரோமீட்டர் போதும், உயரழுத்தத்தைத் தாங்கும் பிஸ்டன் தண்டைச் சுற்றி 90 டியூரோமீட்டர் வேண்டும். அங்கே மென்மையானதைப் போட்டால் அழுத்தத்தில் பிதுங்கிக் கிழியும்.

கிரீஸ் விஷயத்தில் குறைவே நிறைவு. கிறிஸ்டோ-லூப், டிரைபோலூப் போன்ற, ஆக்சிஜனோடு வினைபுரியாத கிரீஸை ஓ-ரிங்குகளில் ஈரம் பளபளக்கும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். சீட்டிலோ கூர்விளிம்பிலோ டயாஃப்ரத்திலோ கிரீஸ் படக் கூடாது. சிலிக்கான் ரப்பர் பாகங்களைச் சிலிக்கான் கிரீஸ் உப்பச்செய்யும், தெளிப்பு எண்ணெய்கள் எதற்குமே ஆகா. இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் பழைய ரெகுலேட்டரைச் சாதாரணக் காற்றோடு மட்டுமே பயன்படுத்துவது என் உறுதியான பரிந்துரை. ஆக்சிஜன் மிகுந்த கலவைகளுக்கு அது செய்யப்படவில்லை.

பிஸ்டன் தண்டை உயரழுத்த ஓ-ரிங்கின் வழியே நுழைக்கும்போது கூர்விளிம்பு ஓ-ரிங்கை அரிந்துவிடாதபடி, வழிகாட்டும் பிளாஸ்டிக் குண்டு இருந்தால் அதை நுனியில் பொருத்தி, மெல்லச் சுழற்றியபடி தள்ளுங்கள். திருகுகளை முதலில் கையாலேயே கடைசிவரை ஓட்டுங்கள். பித்தளைப் புரி மென்மையானது, கையால் ஓடாத திருகைக் கருவியால் ஓட்டினால் புரி குறுக்கே வெட்டப்பட்டுவிடும்.

முதல் நிலையின் அழுத்தத்தை அமைத்தல்

மானியை மாட்டுங்கள், அதோடு கீழோட்ட வால்வு கொண்ட இரண்டாம் நிலை ஒன்றையும் கட்டாயம் மாட்டுங்கள். கீழோட்ட வால்வில் காற்றழுத்தம் வால்வைத் திறக்கும் திசையிலும் ஸ்பிரிங் மூடும் திசையிலும் தள்ளுவதால், முதல் நிலை பழுதாகி அழுத்தம் ஏறினால் அது தானாகத் திறந்து காற்றை வெளியேற்றிவிடும். சில பழைய இரண்டாம் நிலைகளில், குறிப்பாகச் சாயும் தண்டு கொண்டவற்றில், அழுத்தம் ஏற ஏற வால்வு இன்னும் இறுகும். அவற்றோடு தனியாக ஓர் அழுத்த விடுப்பு வால்வு இல்லாவிட்டால் குழாய் வெடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்படிப்பட்ட ரெகுலேட்டரை வைத்திருப்பவர் விடுப்பு வால்வைப் பூட்டாமல் அதைத் திறக்கவே கூடாது.

சிலிண்டரை மெதுவாகத் திறந்து, தயாரிப்பாளரின் கையேட்டில் சொன்ன அழுத்தத்துக்குச் சரிசெய்யுங்கள். பெரும்பாலான ஒற்றைக் குழாய் வகைகளுக்கு அது 8.6 முதல் 10 பாருக்குள் இருக்கும். டயாஃப்ரம் வகையில் திருகை உள்நோக்கித் திருப்பினால் அழுத்தம் உயரும். பல பழைய பிஸ்டன் வகைகளில் திருகு கிடையாது. ஸ்பிரிங்கின் அடியில் ஷிம் எனப்படும் மெல்லிய வளையம் ஒன்றைச் சேர்த்தால் உயரும், எடுத்தால் குறையும், அதற்காக ஒவ்வொரு முறையும் காற்றை வெளியேற்றிக் கழற்ற வேண்டும்.

எந்தச் சிலிண்டர் அழுத்தத்தில் அளக்கிறோம் என்பதில் பலரும் தடுமாறுகிறார்கள். சமன்செய்த முதல் நிலையில் சிலிண்டர் நிறைந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். சமன்செய்யாத பிஸ்டன் வகையில் சிலிண்டர் அழுத்தம் வால்வைத் திறக்க உதவுவதால், நிறைந்த சிலிண்டரில்தான் இடைநிலை அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அக்வா-மாஸ்டர் போன்ற சமன்செய்யாத டயாஃப்ரம் வகையில் இது தலைகீழ்: சிலிண்டர் குறையக் குறைய இடைநிலை அழுத்தம் ஏறும். ஆகவே முதலாவதை நிறைந்த சிலிண்டரிலும் இரண்டாவதை 30 பார் அளவுக்குக் குறைந்த சிலிண்டரிலும் அமைக்க வேண்டும். இரண்டாவதை நிறைந்த சிலிண்டரில் அமைத்துவிட்டால், முங்கலின் கடைசியில், காற்று குறைந்திருக்கும் நேரத்திலேயே அது தானாகப் பீறிடத் தொடங்கும்.

இப்போது இரண்டாம் நிலையின் முகப்பிலுள்ள, காற்றைத் திறந்துவிடும் பொத்தானை இருபது முப்பது முறை அழுத்திவிடுங்கள். புதுச் சீட்டில் விளிம்பு தனக்கான இடத்தைப் பதித்துக்கொள்ளும், அழுத்தம் சிறிது மாறும், மீண்டும் சரிசெய்ய வேண்டும். அதன்பின் ஒரு மூச்சு இழுத்துவிட்டு முள்ளைப் பாருங்கள். இழுக்கும்போது இறங்கி, விட்டவுடன் பழைய இடத்துக்குத் துள்ளி வந்து சட்டென நிற்க வேண்டும். வந்து நின்ற பிறகும் ஊர்ந்துகொண்டிருந்தால் சீட்டும் விளிம்பும் முழுமையாகச் சேரவில்லை. புதுச் சீட்டில் முதல் சில நிமிடம் 0.3 பார் வரை ஏறி நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம். நிற்காமல் ஏறினால் திரும்பவும் கழற்றித்தான் ஆக வேண்டும். பொத்தானை முழுவதும் அழுத்திப் பிடிக்கும்போது முள் ஒரு பாருக்கு மேல் இறங்கினால் வடிகட்டியோ உள்வழியோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால், ஆளில்லாத இடத்தில் சிலிண்டரைத் திறந்த நிலையில் சில மணி நேரம் விட்டுவைத்து, வந்து முள்ளைப் பாருங்கள்.

இரண்டாம் நிலை

முதல் நிலை அமைந்த பிறகே இதற்கு வர வேண்டும். இடைநிலை அழுத்தம் மாறினால் இங்கே செய்ததெல்லாம் வீணாகும். பழைய இரண்டாம் நிலையின் சீட்டில் துளைவிளிம்பு ஆண்டுக்கணக்கில் பதிந்து ஆழமான வட்டம் விழுந்திருக்கும், அதை மாற்றுங்கள். காற்றுத் துளையைத் தாங்கும் திருகுத் துண்டைத் திருப்பும்போதெல்லாம், டயாஃப்ரம் தள்ளும் நெம்புகோலை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் சுழலும் விளிம்பு புதுச் சீட்டை வட்டமாகச் சீவிவிடும். துளையை மெல்லிய கசிவு கேட்கும்வரை பின்வாங்கி, பிறகு கசிவு நிற்கும்வரை உள்ளே கொண்டுவந்து, அதற்குமேல் எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் கொடுங்கள்.

அடுத்து நெம்புகோலின் உயரம். டயாஃப்ரத்தையும் மூடியையும் பொருத்தி, பொத்தானை விரல் நுனியால் தொட்டால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெற்று அசைவு இருந்து, அதன்பின் காற்று வர வேண்டும். மூடியை இறுக்கும்போதே காற்று பீறிட்டால் நெம்புகோல் அதிக உயரம். குலுக்கினால் கடகடவென்று ஒலித்து, பொத்தானை ஆழமாக அழுத்த வேண்டியிருந்தால் உயரம் போதவில்லை. பல வகைகளில் தண்டின் கடைசியிலுள்ள சிறு நட்டைத் திருப்பி இதைச் சரிசெய்யலாம். நெம்புகோலை வளைப்பது, கையேடு அதைச் சொல்லும் வகைகளில் மட்டும் செய்யத்தக்கது.

வெளிமூச்சு வால்வின் வாலை ஈரப்படுத்தித் துளை வழியே இழுத்துப் பொருத்தியதும், அது நெம்புகோலில் இடிக்காதபடி மீதியை வெட்டிவிடுங்கள். அது அமரும் பரப்பில் மணலோ உப்போ ஒட்டியிருந்தால் ஒவ்வொரு மூச்சிலும் தண்ணீர் சொட்டும்.

காற்று வரத் தொடங்க எவ்வளவு இழுக்க வேண்டும் என்ற திறப்பு முயற்சியை அளக்க ஒரு பாத்திரம் தண்ணீர் போதும். காற்றைத் திறந்துவிட்டு, மவுத்பீஸ் மேல்நோக்கியும் டயாஃப்ரம் கீழ்நோக்கியும் இருக்கும்படி இரண்டாம் நிலையை மெல்ல நீரில் இறக்குங்கள். டயாஃப்ரம் நீர்மட்டத்துக்கு 2.5 முதல் 4 செ.மீ. கீழே போகும்போது காற்றொலி தொடங்கினால் அமைப்பு சரி. அதற்கு முன்பே தொடங்கினால் நீரோட்டத்திலும் குதிக்கும்போதும் பீறிடும். அதற்கும் ஆழத்தில்தான் தொடங்குகிறது என்றால் மூச்சு இழுக்கக் கடினமாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவதே நல்லது, மிக மென்மையாக அமைத்துப் பெருமைப்படுவதில் பயனில்லை.

கடைசியாக, முதல் நிலையைச் சிலிண்டரிலிருந்து கழற்றி, அதன் வாயை மூடியால் அடைத்துவிட்டு மவுத்பீஸில் இழுங்கள். சிறிது இழுத்ததும் காற்று வராமல் நின்று, நாக்கால் அடைத்தால் அந்த வெற்றிடம் அப்படியே நிற்க வேண்டும். மெல்லக் காற்று வந்தால் டயாஃப்ரம், வெளிமூச்சு வால்வு, உடலின் விரிசல் ஆகியவற்றில் ஒன்று கசிகிறது. நீருக்கடியில் அந்த வழியாக வருவது தண்ணீராக இருக்கும்.

இரட்டைக் குழாய் வகைக்குச் சில சொற்கள்

இதில் அழுத்தத்தை இறக்கும் அமைப்பு முழுவதும் முதுகுப்புறப் பெட்டிக்குள் இருக்கிறது. வலக்குழாய் மூச்சைக் கொண்டுவருகிறது, இடக்குழாய் வெளிமூச்சைக் கொண்டுபோகிறது. நெளிவுள்ள இந்தக் குழாய்களை முழு நீளத்துக்கு இழுத்து, ஒவ்வொரு நெளிவின் பள்ளத்தையும் விளக்கில் பாருங்கள், விரிசல் எப்போதும் பள்ளத்தில்தான் தொடங்கும். வாத்தலகு போன்ற வெளிமூச்சு வால்வு டயாஃப்ரத்துக்கு அருகிலேயே வைக்கப்பட்டிருப்பது அழுத்தம் சமமாக இருப்பதற்காக, அதை வேறு இடத்துக்கு நகர்த்தக் கூடாது. அதன் உதடுகள் ஒட்டிக்கொண்டாலோ, மூடாமல் விரிந்து நின்றாலோ மாற்றுங்கள். மவுத்பீஸைத் தலைக்குமேல் உயர்த்தினால் காற்று தானாகப் பீறிடுவது இந்த வகையின் இயல்பு, பழுதல்ல.

தண்ணீரில்

முழுவதும் பூட்டிய ரெகுலேட்டரை அழுத்தத்தோடு ஒரு தொட்டி நீரில் அமிழ்த்தி, குமிழி எங்கிருந்தும் வராததைச் சில நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். முதல் முங்கல் எழுந்து நிற்கும் ஆழமுள்ள நீச்சல் குளத்தில், அருகில் இன்னொருவரோடும், சிலிண்டரில் தனி வால்வோடு மாட்டிய வேறொரு நம்பகமான ரெகுலேட்டரோடும் அமையட்டும். பழைய முதல் நிலைகள் சிலவற்றில் உதவி மூச்சுக்கும் அழுத்தமானிக்கும் துளைகளே கிடையாது. அப்படிப்பட்டதை எவ்வளவு காற்று மீதமிருக்கிறது என்று தெரியாமல் ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். தலைகீழாகவும் மல்லாந்தும் பக்கவாட்டிலும் மூச்சிழுத்துப் பாருங்கள், தண்ணீர் வந்தால் எந்த நிலையில் வந்தது என்று நினைவில் வையுங்கள். அதை வைத்து எந்த வால்வு என்று கண்டுபிடித்துவிடலாம்.

கரைக்கு வந்ததும் மானியை மீண்டும் மாட்டி அளந்து, தேதி, சிலிண்டர் அழுத்தம், இடைநிலை அழுத்தம், ஐந்து நிமிடம் கழித்து முள் நின்ற இடம், திறப்பு முயற்சி ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். முதல் நான்கைந்து முங்கல்களுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும், அதன்பின் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் அதே அளவுகளை எடுத்துப் பக்கத்தில் எழுதிவாருங்கள். கடலில் முங்கிய பிறகு, முதல் நிலையின் வாயை அடைக்கும் மூடியைத் துடைத்து உலர்த்திப் பொருத்தி, பொத்தானை அழுத்தாமல் நன்னீரில் ஊறவைத்து, தொங்கவிடாமல் நிழலில் தட்டையாக வைத்து உலர்த்துங்கள். அந்த மூடியின் உட்புறத்தில் தங்கும் ஒரு துளி நீர்தான் வடிகட்டியை மறுபடியும் பச்சையாக்கத் தொடங்கும்.